அந்த ஞாயிறு உங்கள் மகன் எங்கே இருந்தான்?

கேள்வி: எனக்கு 41 வயது. அம்பத்தூரில் இருக்கிறோம். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. சின்ன வயதில் என் அக்கா படிப்பில் கெட்டி, நான் சுமார். வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா அக்காவைத்தான் முன்னால் கூப்பிட்டுப் பேச வைப்பார். என்னைக் காபி போடச் சொல்லி உள்ளே அனுப்பிவிடுவார். அந்த வலி இன்னும் போகவில்லை. சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள்தான். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு சபையில் சேர்ந்த பிறகுதான் ஆண்டவர் என்னை நேசிக்கிறார் என்பது புரிந்தது. இப்போது சண்டே ஸ்கூல் நடத்துகிறேன். புதன்கிழமை பெண்கள் உபவாச ஜெபமும் என் பொறுப்பு. இந்த வருஷம் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் ஏசாயா 43:4, ‘நீ என் பார்வைக்கு அருமையானபடியினால்’ என்று தொடங்குவது. லேமினேட் செய்து ஃப்ரிட்ஜில் ஒட்டி, தினமும் சத்தமாகச் சொல்கிறேன். ஆனால் சபை ஆண்டு விழாவில் நன்றி சொல்லும்போது பாஸ்டரம்மா என் பெயரை விட்டுவிட்டார். இரண்டு வாரம் சரியான தூக்கம் இல்லை. கணவர் கிறிஸ்மஸுக்கு மட்டும் சபைக்கு வருபவர், அவருக்கு இதெல்லாம் புரியாது. மே மாதம் பத்தாவது, பன்னிரண்டாவது தேறிய பிள்ளைகளை முன்னால் அழைத்து ஜெபித்த ஞாயிறுகூட எனக்கு மனது சரியில்லை. மகன் பத்தாவதில் 287தான் எடுத்திருந்தான். அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். விசுவாசத்தில் இவ்வளவு தூரம் வந்தும், நான் எதற்கும் லாயக்கில்லாதவள் என்ற எண்ணம் ஏன் என்னை விடவில்லை? இன்னும் எப்படி ஜெபிக்க வேண்டும்?

ஒரு சகோதரி, சென்னை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் அப்பாவுக்கும் அக்காவுக்கும் இரண்டு பக்கம், பாஸ்டரம்மாவுக்கு ஒரு பக்கம். மகனுக்கு இந்த மூன்று வாக்கியம்தான். அதையும் உங்கள் மனது சரியில்லாததற்குச் சாட்சியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

அப்பா எங்களை ஒப்பிட்டுப் பேசினார், சபையில் என்னை மதிக்கவில்லை, எனக்கு என்னையே பிடிக்கவில்லை என்று எழுதும் பெண்களின் கடிதம் வராத மாதம் இல்லை. நீங்கள் ஆண்டவருக்கு அருமையானவர், கலங்காதீர்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைத்தான் தினமும் காலையில் நீங்களே சத்தமாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். இன்னொரு தடவை நானும் சொல்வதால் எதுவும் மாறப்போவதில்லை.

அந்த ஞாயிறு காலையைப் பற்றிப் பேசுவோம். பையன் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்ற பிறகு வேண்டாம் என்றீர்களா? இல்லை, சனிக்கிழமை இரவே சொல்லிவிட்டீர்களா? அவனுக்குக் காய்ச்சல் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். எதற்காக விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பதும் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூட சண்டே ஸ்கூலில் உட்கார்ந்த பையன்கள் மேடையில் பாஸ்டரோடு நின்று எடுத்த போட்டோவை, மதியத்துக்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்திருப்பான்.

இன்னொன்று. தேறிய பிள்ளைகளை அழைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்நூறுக்கு 287 வாங்கிய உங்கள் மகன் தேறாத பிள்ளையா? ஐந்து பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி, மொத்தம் 175 போதும். ஏதோ ஒரு பாடம் போய்விட்டது என்றும் நீங்கள் எழுதவில்லை. அந்த வரிசையில் நிற்க அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சபை அவனை விடவில்லை. பாஸ்டர் அவனை விடவில்லை. அவனைப் பெற்ற தாய்தான் விட்டுவிட்டுப் போனார்.

உங்கள் அப்பா விருந்தாளிகளுக்கு முன்னால் அக்காவை நிறுத்தினார், உங்களைக் காபி போட உள்ளே அனுப்பினார். நாற்பது வயது தாண்டியும் உங்களால் அதை மறக்க முடியவில்லை. சரி, மறக்க வேண்டாம். ஆனால் மே மாதம் உங்கள் மகனுக்கு நீங்கள் செய்தது என்ன? அதே காரியம்தான். உங்கள் அப்பா அதை வீட்டுக் கூடத்தில் செய்தார். நீங்கள் ஆண்டவருடைய வீட்டு வாசலில் செய்தீர்கள். என் கணக்கில் இது இன்னும் கனமான தப்பு. அப்பா மனிதர்களுக்கு முன்னால்தான் வெட்கப்பட்டார். நீங்களோ, மார்க் குறைந்தால் ஆலயத்துக்குள்கூட வரக்கூடாது போலிருக்கிறது என்று அந்தப் பிள்ளை நினைக்க இடம் கொடுத்துவிட்டீர்கள்.

சண்டே ஸ்கூல் நடத்துகிறீர்கள். மாற்கு பத்தாம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். சிறு பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவந்தவர்களை அதட்டியது பரிசேயரும் இல்லை, ரோமச் சிப்பாய்களும் இல்லை. அவருடைய சொந்தச் சீஷர்கள். ராப்பகலாகக் கூடவே இருந்தவர்கள், ஊழியக்காரர்கள். ‘இயேசு அதைக் கண்டு, விசனமடைந்து’ என்று 14ஆம் வசனம் சொல்கிறது. தம்மோடு இருந்தவர்கள் மேலேயே அவர் விசனப்பட்டார். ‘அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்’ என்றார். அடுத்த வாரம் உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டும்போது உங்கள் குரல் நடுங்கத்தான் வேண்டும்.

அந்த வாக்குத்தத்த அட்டைக்கு வருகிறேன். ‘நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய்.’ ஒற்றை வசனமாகப் படித்தால் ஏதோ பரிசு கொடுப்பது போலத் தோன்றும். பைபிளை எடுத்து முந்தின அதிகாரத்திலிருந்து, ஏசாயா 42இன் 18ஆம் வசனம் தொடங்கிப் படியுங்கள். அந்த ஜனங்களைக் குருடர், செவிடர் என்கிறார் தேவன். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, வழி தவறினார்கள், கொள்ளை போனார்கள் என்று வரிசையாக அடுக்குகிறார். அந்த அதிகாரம் அப்படியே முடிகிறது. அடுத்த அதிகாரம் தொடங்கியதும் அதே ஜனங்களைப் பார்த்துத்தான் பயப்படாதே, நீ என்னுடையவன் என்கிறார். உங்கள் வசனம் அதற்கு மூன்று வசனம் தள்ளி வருகிறது. தோற்றுப்போனவர்களிடம், தோற்றது அவர்கள் தப்பினால்தான் என்று தெரிந்தும் சொன்ன வார்த்தை அது. உங்கள் வீட்டில் அதைக் கேட்க ரொம்பப் பொருத்தமானவன் உங்கள் மகன். தினமும் பலமுறை அந்த ஃப்ரிட்ஜைத் திறக்கிறான். அந்த வசனம் அம்மாவுக்கு மட்டும்தான் போலிருக்கிறது என்று அவன் முடிவு கட்டியிருந்தால் அவன்மேல் தப்பில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த எண்ணம் ஏன் விடவில்லை என்று கேட்கிறீர்கள். ஆண்டவருடைய அன்பை நீங்கள் நம்பவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நம்புகிறீர்கள். ஆனால் அலுவலகத்தில் நாள் முடிவில் டேலி ஆகிறதா என்று பார்ப்பீர்களே, அந்த மாதிரி அதைத் தினமும் சரிபார்க்கிறீர்கள். சண்டே ஸ்கூல் வரவு, உபவாசம் வரவு, மேடையில் பெயர் வரவில்லை, பற்று. முன்பு அப்பா மார்க் போட்டார், இப்போது பாஸ்டரம்மா போடுகிறார். ஆள்தான் மாறியிருக்கிறார்.

லூக்கா மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். ‘நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்’ என்று வானத்திலிருந்து சத்தம் வந்தபோது இயேசுவுக்கு ஏறக்குறைய முப்பது வயது. ஒரு குருடனின் கண்ணையும் அதுவரை திறக்கவில்லை. ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. ஒரு சீஷனையும் அழைக்கவில்லை. ஊழியம் எல்லாம் அப்புறம்தான். அப்பா சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டார். கிறிஸ்தவ விசுவாசத்தில் மனிதனுடைய மதிப்பு இருக்கும் இடம் இதுதான் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். இதை நம்புகிற தாய், மகனுடைய மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு அவனைச் சபைக்குக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று யோசிக்க முடியாது. நீங்கள் யோசித்தீர்கள். அதனால் உங்களுக்குள் இது இன்னும் இறங்கவில்லை என்கிறேன். பிள்ளையை ஒரு அளவுகோலால் அளந்துகொண்டே, தன்னை மட்டும் வேறொன்றால் அளந்துகொள்ள யாராலும் முடியாது. அவனை அளக்கும் அதே கோல்தான் இரவில் உங்களையும் தூங்கவிடாமல் செய்கிறது.

சென்னையில் இருந்துகொண்டு இயேசுவின் சீஷர் தோமாவை மறக்கக் கூடாது. பரங்கிமலையில் கி.பி. 72இல் அவர் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நம் ஊரில் வழிவழியாகச் சொல்லி வருவது. உயிர்த்தெழுந்த இயேசு முதல்முறை சீஷர்களிடம் வந்தபோது அந்த அறையில் இல்லாதவர் அவர். மற்றவர்கள் கண்டார்கள், அவர் காணவில்லை. கண்டால்தான் நம்புவேன் என்றும் சொல்லிவிட்டார். எட்டு நாள் கழித்து இயேசு மறுபடியும் அதே அறைக்கு வந்து, சமாதானம் சொன்ன கையோடு நேராகத் தோமாவிடம்தான் பேசினார். விட்டுப்போன ஒருவனுக்காக ஆண்டவரே இரண்டாம் தடவை வந்தார். உங்கள் மகன் விஷயத்தில் அந்த இரண்டாம் தடவை இன்னும் நடக்கவில்லை.

ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பரீட்சை முடிவு வரும் வாரம் தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு லேசான வாரம் இல்லை. அந்த நாட்களில் 104 ஹெல்ப்லைன் எண்ணில் மாணவர்களுக்கென்றே ஆலோசனை கொடுக்கிறார்கள் என்றால், அரசாங்கத்துக்கே அந்தப் பயம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வாரத்தில் நீங்கள் மகனை வீட்டில் ஒளித்து வைத்தீர்கள். அவனோடு அன்று வீட்டில் இருந்தது யார்? இதெல்லாம் புரியாது என்று நீங்கள் ஒரே வரியில் ஒதுக்கிய கணவராகத்தான் இருக்கும். அவர் ஜெபக் கூட்டத்துக்கு வராதவராக இருக்கலாம். ஆனால் மகனைப் பார்த்து வெட்கப்பட்டார் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது அரிசி, பருப்புக்கு மட்டும் இல்லை என்பது என் எண்ணம். பிள்ளையின் முகம் வாடியிருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் சேர்த்திதான். பெற்றவளுக்கு முதல் ஊழியம் அது. புதன்கிழமை ஜெபம் அதற்குப் பிறகுதான்.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை. மார்க் எடுத்த பிள்ளைகளை மட்டும் முன்னால் நிறுத்திப் பரிசு கொடுக்கும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. எனக்கு அது அறவே பிடிக்காது. எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், தோற்ற பிள்ளையை முதலில் கூப்பிடுங்கள். பள்ளிக்கூடம் செய்கிற வேலையைச் சபையும் செய்ய வேண்டாம். சண்டே ஸ்கூல் பொறுப்பில் இருக்கும் நீங்களே இதைப் பாஸ்டரிடம் பேசலாம்.

ஆனால் முதலில் மகனிடம் பேசுங்கள். வசனம் எதுவும் வேண்டாம், ஜெபிப்போம் என்று தொடங்க வேண்டாம். ‘உன் மார்க்குக்காக வெட்கப்பட்டு உன்னை விட்டுவிட்டுப் போனேன். பொய் சொன்னேன். அது தப்பு, என்னை மன்னிச்சிடுப்பா’ என்று சொல்லுங்கள். ‘ஆனால் நீயும் கொஞ்சம் படித்திருக்கலாம்’ என்று பின்னால் ஒட்டாதீர்கள். அவன் பதில் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்படியே விடுங்கள். பிறகு, காய்ச்சல் என்று யாரிடம் சொன்னீர்களோ அவரிடம் போய் அது பொய் என்று சொல்லுங்கள். பாஸ்டரம்மாவாக இருந்தால் அவரிடமும்தான். அவர் உங்களைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற பயத்தை உடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அவன் இப்போது என்ன படிக்கிறான், எதில் சேர்ந்திருக்கிறான், எது பிடிக்கும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. பிளஸ் ஒன்னில் பிடிக்காத குரூப்பில் தள்ளிவிட்டிருந்தால் அவனைக் கேட்டுப் பாருங்கள். பத்தாவது தேறியவனுக்குப் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமா இருக்கிறது, தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக் அரசுக் கல்லூரிதான். டிப்ளமா முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கையால் செய்யும் வேலையில் ஆர்வம் என்றால் உங்கள் அம்பத்தூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. விசாரிக்கப் போகும்போது அவனையும் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அவன் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

தூக்கமின்மை இன்னும் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சபைக்கு வரமாட்டேன் என்று அவன் சொல்லலாம். வற்புறுத்த வேண்டாம், ஆள் வைத்துப் புத்தி சொல்லவும் வேண்டாம். புதன்கிழமைப் பொறுப்பை வேறொரு சகோதரியிடம் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வரும் நேரத்துக்கு வீட்டில் இருங்கள். நன்றி சொல்லும்போது உங்கள் பெயர் அடுத்த வருஷமும் விட்டுப்போகலாம். போகட்டும்.