களனிவெளி ரயில் ஏன் அவிசாவளையோடு நின்றுவிட்டது?

இலங்கையில் கொழும்பிலிருந்து அவிசாவளை வரை ஓடும் களனிவெளி ரயில் முன்பு இரத்தினபுரி வரை போனதா, போனதென்றால் அந்தப் பாதையை ஏன் மூடினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போனது. இரத்தினபுரியையும் தாண்டி ஓபநாயக்க வரை போனது. அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டைக்கும் ஒரு பாதை இருந்தது. என் அம்மாவின் குடும்பம், அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் நடுவே இருக்கும் எஹலியகொடப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரர்கள். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கோச்சியின், அதாவது ரயிலின், கதை தாத்தா வழியாக வந்ததுதான்.

முதலில் போட்டது எட்டியாந்தோட்டைப் பாதை. 1900இல் வேலை தொடங்கி, அடுத்த சில வருடங்களிலேயே கொழும்பிலிருந்து அங்கே வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. நோக்கம் தெளிவானது: களனி ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரத் துரைமார் திறந்த தோட்டங்களின் சரக்கைக் கொழும்புக்குக் கொண்டுவருவது. அப்புறம் ரப்பர் வந்தது. 1910 வாக்கில் உலகச் சந்தையில் ரப்பர் விலை ஏறிய ஏற்றத்தில், அவிசாவளையைச் சுற்றியிருந்த மேடுகளெல்லாம் ரப்பர் காடாகின. 1912இல் பாதை இரத்தினபுரியைத் தொட்டது, 1919இல் ஓபநாயக்கவை.

இந்தப் பாதையின் தலையெழுத்தைப் புரிந்துகொள்ள அதன் அகலத்தைப் பார்க்க வேண்டும். இலங்கையின் மற்ற ரயில் பாதைகளில் பெரும்பாலானவை 5 அடி 6 அங்குல அகலம். இது வெறும் 2 அடி 6 அங்குலம். குறுகிய பாதை என்றால் மண் வெட்டுவது குறைவு, பாலம் சிறியது, மலை இடுக்கில் எங்கே வேண்டுமானாலும் வளைத்துப் போடலாம். மொத்தத்தில் செலவு குறைவு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போட்ட பாதையும் இதே அகலம்தான். அதை 1940களிலேயே மூடிவிட்டார்கள். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இன்றும் நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிப்பது அதனால்தான்.

மலிவாகப் போட்ட பாதைக்கு, பிற்பாடு அந்த மலிவே வினையானது. பெட்டிகள் மற்றப் பாதைகளில் ஓடா. கொழும்பு வந்தபின் வேறு திசைக்குப் போக வேண்டிய சரக்கை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். வளைவுகள் அதிகம் என்பதால் வேகமும் கிடையாது. ஒரு லொறி என்றால் தோட்டத்து ஸ்டோர் வாசலில் ரப்பர் ஷீட் கட்டுகளை ஏற்றி நேராகத் துறைமுகத்தில் இறக்கிவிடும். தெரு நன்றாக நன்றாக, கோச்சிக்குச் சரக்கு குறைந்துகொண்டே வந்தது. எட்டியாந்தோட்டைப் பாதை 1942இல், உலகப் போர் நடக்கும்போதே போய்விட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி, ஓபநாயக்கப் பகுதியை 1976இல் மூடினார்கள்.

எனக்கு ஆறாத இடம் இதுதான். சரக்குக்காகப் போட்ட பாதை என்றாலும், அதற்குள் சனங்கள் அதை நம்பிப் பழகிவிட்டார்கள். எஹலியகொட, குருவிட்ட பக்கத்துத் தோட்டத்துச் சனம் கொழும்புக்குக் கடை வேலைக்கு வர, ஆஸ்பத்திரிக்கு வர, கையில் இருக்கும் கொஞ்சக் காசுக்குப் பொருந்தியது ரயில்தான். மூடிய பிறகு தாத்தா கொழும்புக்கு வருவதே குறைந்துபோனது என்று அம்மா இன்றும் வருத்தத்தோடு சொல்வார். சரக்கு போனதும் பாதையின் தேவையும் போனது என்று முடிவெடுத்தவர்கள், பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த மனிதர்களைக் கணக்கில் சேர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் மருதானையிலிருந்து அவிசாவளை வரையுள்ள துண்டு மட்டும் எப்படிப் பிழைத்தது? நுகேகொடை, மஹரகம, ஹோமாகம எல்லாம் கொழும்பின் புறநகராக வளர்ந்ததால். காலையில் அலுவலகத்துக்கு வருகிற கூட்டம் அதைக் காப்பாற்றியது. 1990களில் அந்தத் துண்டை அகலப் பாதையாக மாற்றினார்கள். ஆனால் பெரும்பாலும் பழைய தடத்திலேயே மாற்றியதால் அந்தக் கூரிய வளைவுகள் அப்படியே இருக்கின்றன. அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு இன்றும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒருமுறை அதில் போய்ப் பாருங்கள். பொரளைப் பக்கம் கோல்ஃப் மைதானத்தின் நடுவாகவே ரயில் போகும். அப்புறம் வீட்டுக் கொல்லைகளை உரசிக்கொண்டு, பாதுக்கை, வக தாண்டினால் இருபுறமும் ரப்பர் மரம்.

இரத்தினபுரி சப்ரகமுவ மாகாணத்தின் தலைநகர். அங்கே ரயில் இல்லை. பாதையை மறுபடி நீட்டப் போவதாக அவ்வப்போது பேச்சு வரும், அடங்கும். நீட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பழைய தடத்தில் தண்டவாளம் போட்டால், கொழும்பு-அவிசாவளை ஹைலெவல் வீதியில் ஓடும் பஸ்ஸோடு அது போட்டி போட முடியாது. வளைவு குறைந்த புதிய தடம் வேண்டும், கொழும்பிலிருந்து அவிசாவளை வரையுள்ள பகுதியையும் முதலில் நேராக்க வேண்டும். பாதையோரத்தில் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு மாற்று வீடு கொடுக்காமல் அதில் கை வைக்கவும் கூடாது.