சில்லறைப் பிரச்சினை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அனல்மின் நிலையத்தில் நான்கு ஆண்டுகளாகப் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். இப்போதுள்ள இரண்டு 210 மெகாவாட் அலகுகளோடு 800 மெகாவாட் அலகு ஒன்றைச் சேர்க்கும் விரிவாக்கத் திட்டம் வந்திருக்கிறது. என் கல்லூரி நண்பன் அதை எதிர்த்துக் கூட்டங்களில் பேசுகிறான். புதிய அலகு சூப்பர் கிரிட்டிக்கல் தொழில்நுட்பத்தில் இயங்குவது. பழையவற்றைவிடக் குறைந்த நிலக்கரியில் அதே மின்சாரத்தைத் தரும். நிலக்கரியை எரித்தே வளர்ந்த நாடுகள் இன்று நமக்கு உபதேசம் செய்வது நியாயமா? சாம்பல் போன்ற சில்லறைப் பிரச்சினைகளுக்காக இவ்வளவு பெரிய திட்டத்தை நிறுத்தலாமா? நட்பை இழக்காமல் அவனோடு இதை எப்படிப் பேசுவது?

க.

அன்புள்ள க.,

செய்யும் வேலையை நேசிக்கும் ஒருவரின் கடிதம் இது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. அப்படிப்பட்டவர்கள்மீது எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு. ஆனால் என்னைப் பதில் எழுத வைத்தது 'சில்லறை' என்ற உங்கள் சொல். சில வாரங்களாக என் தாய்மாமாவின் பழைய குறிப்பேடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பணிக்காலம் முழுவதையும் ஓர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் பிரிவில் கழித்தவர்.

வளர்ந்த நாடுகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. லண்டனில் 1882-இல் நிலக்கரி மின்நிலையத்தைத் தொடங்கிய பிரிட்டன், தன் கடைசி நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்றுதான் மூடியது. 142 ஆண்டுகள் எரித்தவர்கள் பிறருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் செய்த தவறு உங்கள் மூன்றாவது அலகுக்கு நியாயமாகிவிடாது. அந்தப் பேச்சை இத்துடன் விடுவோம். சூப்பர் கிரிட்டிக்கல் அலகில் 221 பார் அழுத்தத்துக்கு மேலே நீர் கொதிக்கும் கட்டமே இல்லாமல் நீராவியாக மாறுவதால் கிடைக்கும் சிக்கனத்தையும் ஏற்கிறேன். யூனிட்டுக்கு யூனிட் நிலக்கரி குறையும். ஆனால் 420 மெகாவாட் நிலையம் 1,220 மெகாவாட்டாக வளரும்போது மொத்தம் குறையாது என்பதை ஒரு பொறியாளருக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

இப்போது சில்லறையை எண்ணிப் பார்ப்போம். 800 மெகாவாட் அலகு முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 1 கோடியே 92 லட்சம் யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு 650 கிராம் என்று கொண்டாலும் அன்றாடம் 12,000 டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல். மூன்றில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், நாளொன்றுக்கு 4,000 டன். அலகு ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடாது என்று கழித்தாலும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் தேறும். நிலையங்கள் சாம்பலைக் கொட்டிவைக்கும் குளத்தில் படியும் சாம்பல் ஒரு டன் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் இடத்தை அடைக்கும். நூறு ஹெக்டேர் குளத்தில் அது ஆண்டுக்கு ஒரு மீட்டர் உயரம். பாதியை சிமெண்ட் ஆலைகள் எடுத்துக்கொண்டால் அரை மீட்டர். இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த அரை மீட்டர் என்னவாகும் என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இதைச் சில்லறை என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

சாம்பல் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் போய்விடும் என்று பதில் சொல்வீர்கள். புகைபோக்கிக்கு முன்னால், புகையிலுள்ள தூளை மின்புலத்தால் ஈர்த்துப் பிரிக்கும் வடிகட்டியில் உலர்ந்து சேரும் சாம்பலுக்கு அந்த வழி உண்டு; அது போவது நல்லதே. கொதிகலனின் அடியில் விழும் கனத்த சாம்பலோ பெரும்பாலும் நீரோடு குழம்பாகிக் குழாய் வழியே குளத்துக்குத்தான் போகிறது. மழைக்காலத்தில் கட்டட வேலை நின்றால் சிமெண்ட் ஆலையின் லாரி வராது. அதற்காகக் கொதிகலன் காத்திருக்காது.

பதினான்கு வயதில் மாமாவோடு அவர் நிலையத்தின் சாம்பல் குளக் கரையில் நடந்திருக்கிறேன். வறண்ட ஏரிபோல வெளிர்சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடந்தது. பந்து விளையாடலாம் போல் இருந்தது. இறங்கப் போன என் தோளை மாமா அழுந்தப் பற்றினார். மேலே ஒரு சாண் ஓடு, கீழே கூழ் என்றார். பிறகு கரையைக் காட்டி, அவர் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தது அடியில் தெரியும் மண்கரை மட்டுமே என்றும், அதற்குமேல் இரண்டு முறை உயர்த்தியிருக்கிறார்கள் என்றும், உயர்த்திய கரையின் உட்பாதி நிற்பது பழைய சாம்பலின் மேல்தான் என்றும் சொன்னார். தம் நிலையத்தை அவர் குறை சொல்லிக் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் விளக்கு எரிவதில் தமக்கும் பங்கு உண்டு என்ற பெருமை கடைசிவரை இருந்தது. ஆனாலும் மழை பெய்யும் இரவுகளில் எழுந்து உட்கார்ந்திருப்பார். குறிப்பேட்டில் அந்தத் தேதிகளுக்கு எதிரே நீர்மட்டமும் கரை மட்டமும் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன.

அவர் எதற்கு அஞ்சினாரோ அது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தில் நடந்தது. 2008 டிசம்பர் 22, நள்ளிரவு கடந்த நேரம். அரை நூற்றாண்டாகச் சேர்ந்த ஈரச் சாம்பலின் மேல் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்ட கரை உடைந்து, ஏறத்தாழ 41 லட்சம் கன மீட்டர் குழம்பு ஆற்றிலும் 300 ஏக்கர் பரப்பிலும் பாய்ந்தது. அடியில் கிடந்த வழுக்கும் நுண்சாம்பல் அடுக்கும், அதன்மேல் ஏற்றிக்கொண்டே போன உயரமும் காரணம் என்று பின்னர் ஆய்வு சொன்னது. அதைத் துப்புரவு செய்ய நூறு கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. 41 லட்சம் கன மீட்டர் என்பது, மேலே போட்ட கணக்கின்படி, உங்கள் மூன்றாவது அலகு நான்கே ஆண்டுகளில் தரக்கூடிய சாம்பல்.

அலகைக் கட்டாதீர்கள் என்று உங்களிடம் சொல்லும் இடத்தில் நான் இல்லை. திட்ட அறிக்கையில் கொதிகலனைப் பற்றிய பக்கங்களை நீங்கள் வரி வரியாகப் படித்திருப்பீர்கள். சாம்பலைப் பற்றிய பக்கங்களைப் படித்தீர்களா? புதிய குளத்துக்கு நிலம் காட்டியிருக்கிறார்களா, அல்லது பழைய கரையையே இன்னொரு முறை உயர்த்தப் போகிறார்களா? இதைத் தெரிந்துகொள்ளாமல் உங்கள் நண்பரோடு எந்த வாதத்துக்கும் போகாதீர்கள்.

அடுத்த விடுமுறை நாளில் அனுமதி வாங்கிக்கொண்டு அவரையும் அழைத்துச் சென்று அந்தக் கரையை ஒருமுறை முழுவதும் சுற்றி நடந்து வாருங்கள். அது எத்தனை முறை உயர்த்தப்பட்டிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.