பழைய நாளிதழ்களில் ‘இன்டெலிஜென்ஸ்’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாளிதழ்ப் பக்கங்கள் சிலவற்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘ஷிப்பிங் இன்டெலிஜென்ஸ்’ என்ற தலைப்பின் கீழ், துறைமுகத்துக்கு வந்த கப்பல், புறப்பட்ட கப்பல், கப்பல் தலைவரின் பெயர், சரக்கு என்று வெறும் பட்டியல்தான் இருக்கிறது. ‘கப்பல் உளவுத் தகவல்’ என்று எழுதிவிட்டேன். உளவறிந்ததை யாராவது ஊரறிய அச்சிடுவார்களா என்ற ஐயம் பிறகுதான் எழுந்தது. இச்சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது?

அன்புடன்,
ந.

அன்புள்ள ந.,

உங்கள் ஐயம் சரியானது. ‘கப்பல் செய்திகள்’ என்று மாற்றிவிடுங்கள். அன்றைய இதழ்களில் இன்டெலிஜென்ஸ் என்பது ஓரிடத்திலிருந்து வந்து சேர்ந்த செய்தியைக் குறித்தது. நீதிமன்றச் செய்திக்கும் வெளிநாட்டுச் செய்திக்கும் அதே சொல்தான் தலைப்பு. இதழ்களின் பெயரிலேயே அது உண்டு: 1663இல் ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச் லண்டனில் நடத்திய இதழ் ‘தி இன்டெலிஜென்ஸர்’, 1800இல் வாஷிங்டனில் தொடங்கியது ‘நேஷனல் இன்டெலிஜென்ஸர்’.

ஆனால் உங்கள் பிழை முழுப்பிழையும் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் செய்தியும் உளவும் ஒரே மேசைக்குத்தான் வந்தன. 1665இல் தொடங்கி, பின்னர் லண்டன் கெசட் என்று பெயர்பெற்ற அரசிதழை மேற்பார்வையிட்ட ஜோசப் வில்லியம்சன், அரசின் உளவுப் பணியையும் கவனித்தவர். ஒற்றர்கள் எழுதிய கடிதங்களும் துறைமுகங்களிலிருந்து வந்த சாதாரணக் கடிதங்களும் அவருடைய அலுவலகத்தில் குவிந்தன. எதை அச்சிடுவது, எதைப் பெட்டியில் பூட்டுவது என்பது படித்த பிறகு எடுக்கும் முடிவு. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்கியதில் வியப்பில்லை. ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான்: ‘நாக்ரிஷ்டன்’ என்றால் செய்திகள், அதனோடு சேவை என்னும் சொல்லைச் சேர்த்தால் உளவுத்துறை.

நீங்கள் எடுத்துக்கொண்ட கப்பல் பட்டியலே இதற்கு நல்ல சான்று. கப்பல் எங்கே நிற்கிறது என்பதை அறிய வணிகரும் காப்பீட்டாளரும் காசு கொடுத்தார்கள். லண்டனில் 1734 முதல் ‘லாயிட்ஸ் லிஸ்ட்’ என்ற கப்பல் செய்தி இதழ் வெளிவந்தது அதற்காகவே. அமைதிக் காலத்தில் யாரும் படிக்கலாம் என்றிருந்த அதே விவரம், 20ஆம் நூற்றாண்டின் உலகப் போர்களில் எதிரியின் நீர்மூழ்கிக்கு வழிகாட்டிவிடும் என்பதால் தணிக்கைக்கு உள்ளானது. ஒரு வரிகூட மாறாமல், செய்தி உளவாகிவிட்டது. அந்த நூற்றாண்டில் அரசுகள் நிலையான உளவு அமைப்புகளை நிறுவி அவற்றின் பெயரிலும் இச்சொல்லை வைத்துக்கொள்ள, நாளிதழ்கள் ‘நியூஸ்’ என்பதோடு நின்றுகொண்டன.

மொழிபெயர்க்கும்போது சொல்லை விட்டுவிட்டு அதன் அருகிலுள்ள வினையைப் பாருங்கள். இன்டெலிஜென்ஸ் ‘வந்தது’, ‘கிடைத்தது’, ‘எட்டியது’ என்றிருந்தால் பெரும்பாலும் செய்தி என்றே எழுதலாம். ஒருவரிடம் அது ‘இருந்தது’ என்றால் அவருடைய அறிவுக்கூர்மை. போர்க்களத்திலிருந்து வந்த குறிப்புகளில்தான் சிக்கல். தளபதிக்கு எட்டியது ஒற்றன் சொன்னதா, வழிப்போக்கன் சொன்னதா என்று மூலத்திலேயே தெளிவில்லாத இடங்கள் வரும். அங்கே நான் ‘தகவல்’ என்று எழுதுவேன். மூலம் சொல்லாத ஒற்றனை நாம் நுழைக்க வேண்டியதில்லை.