வாங்கும் முன்: டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பழைய கார் வாங்குவது பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் டொயோட்டா. அதிலும் பெரும்பாலானவை இன்னோவா. சரி, இந்த வாரம் அதையே பார்த்துவிடுவோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். புரோக்கர்களைத் திட்டிய வரிகளை, மனமில்லாமல்தான், எடுத்துவிட்டேன்.

டொயோட்டா வண்டிக்குப் பத்து வருடம் சர்வீஸே தேவையில்லை என்கிறார் என் மச்சான். உண்மையா?
– வாசகர், திண்டுக்கல்

மச்சான் தன் வண்டியை உங்களுக்கு விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள்.

விசைத்தறி வைத்திருக்கிறேன். டொயோட்டா கம்பெனி முதலில் தறிதான் செய்தது என்று எங்கள் தறி மெக்கானிக் சொல்கிறார். கதை விடுகிறாரா? வண்டி பழுதில்லாமல் ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், குமாரபாளையம்

கதையில்லை. சகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். ஆயுள் முழுக்கத் தறியைத் திருத்திக்கொண்டே இருந்தவர். 1924-இல் வந்த அவருடைய ‘ஜி’ வகைத் தானியங்கித் தறியில் ஊடை (குறுக்கு நூல்) தீர்ந்தால் அதைச் சுமக்கும் நாடா தானாக மாறிக்கொள்ளும். பாவு (நீள நூல்) அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நூல் அறுந்த பிறகும் ஓடுகிற தறி துணியை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1929-இல் இந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் பவுண்டுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பணத்தில்தான் மகன் கீச்சிரோ கார் ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்று காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. 1933-இல் தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவு, 1936-இல் ‘ஏஏ’ என்ற முதல் கார், 1937-இல் தனிக் கம்பெனி.

நீங்கள் கேட்ட சம்பந்தம் இதற்குப் பிறகு வருகிறது. டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தைச்சி ஓனோவும் நூற்பு, நெசவு ஆலையில் வேலை பார்த்துவிட்டுத்தான் கார் பக்கம் வந்தார். கார் அசெம்பிளி லைனில் நிற்கும் தொழிலாளி ஒரு குறையைப் பார்த்தால், தலைக்கு மேல் போகும் கயிற்றை இழுக்கலாம். அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால், நூல் அறுந்த அந்தத் தறி மாதிரி, லைனே நிற்கும். மற்ற கார் கம்பெனிகளில் லைனை நிறுத்துவது பெருங்குற்றமாக இருந்த காலத்தில் இதைச் செய்தார்கள். குறையுள்ள வண்டியைக் கடைசிவரை ஓட்டிவந்து வாசலில் வைத்து ரிப்பேர் செய்வதில்லை என்பதுதான் இதன் சாரம்.

எடுத்த எடுப்பிலேயே நல்ல கார் செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1950-இல் கம்பெனி திவாலின் விளிம்புக்குப் போனது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கீச்சிரோவின் ராஜினாமா என்று எல்லாம் நடந்தது. கொரியப் போருக்காக அமெரிக்க ராணுவம் கொடுத்த லாரி ஆர்டர்தான் தூக்கிவிட்டது. 1957-இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய கிரவுன் கார், அங்கே நெடுஞ்சாலை வேகத்துக்குத் தாங்காமல் மூச்சு வாங்கியது. 1966-இல் வந்த கொரோலாதான் பேர் வாங்கிக் கொடுத்தது. அது இதுவரை 5 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

மெக்கானிக்குக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அந்தப் பழைய தறிக் கம்பெனியான டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் இன்றும் ஏர்ஜெட் தறி செய்கிறது என்றும் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னோவாவில் எந்தக் கலருக்கு ரீசேல் அதிகம்?
– வாசகர், சேலம்

வெள்ளை. இதற்கொரு கடிதமா?

அப்பா 2003 குவாலிஸ் வைத்திருக்கிறார். பார்ப்பவர்களெல்லாம் விலைக்குக் கேட்கிறார்கள். இவ்வளவு மவுசு இருந்த வண்டியை ஏன் நிறுத்தினார்கள்? விற்கலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

2000 ஜனவரியில் பெங்களூரு அருகே உள்ள பிடதி தொழிற்சாலையிலிருந்து குவாலிஸ் வந்தபோது, இந்தோனேசியாவின் பழைய கிஜாங் வண்டியை ஒட்டுப்போட்டு நம் தலையில் கட்டுகிறார்கள் என்று பலர் கேலி செய்தார்கள். டப்பா மாதிரி உருவம் வேறு. ஆனால் தனிச் சேசிஸ், பின்சக்கர இழுவை, 2.4 லிட்டர் டீசல் இன்ஜினில் வெறும் 75 குதிரைத்திறன். டர்போ இல்லை. தன்னை வருத்திக்கொள்ளாத இன்ஜின். எட்டுப் பேரையும் மேலே ஆறு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கு மெதுவாகப் போகும், போய்ச் சேர்ந்துவிடும். டிராவல்ஸ்காரர்களுக்கு அதுதான் வேண்டும். நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே 2005-இல் நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். டாக்ஸி முத்திரை விழுந்துவிட்டது, வீட்டுக்கு வாங்குபவர்களையும் இழுக்க வேண்டும் என்ற கணக்கு அது. பலித்தது.

15 வருடம் தாண்டியதால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விற்பதை அப்பாவிடம் கேளுங்கள். என்னிடம் கேட்டு அவருக்குத் தெரியாமல் ஏதும் செய்துவிடாதீர்கள்.

சம்பளத்துக்கு டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஓட்டலாம் என்று ஒரு கார் கன்சல்டிங்கில் 2013 இன்னோவா வாங்கினேன். மீட்டரில் 88,000 கி.மீ. நாலாவது மாதம் பைபாஸில் நின்றுவிட்டது. டைமிங் பெல்ட் அறுந்து வால்வெல்லாம் வளைந்துவிட்டதாம். சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தால், 2019-லேயே 2,64,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ‘நானும் இப்படித்தான் வாங்கினேன்’ என்கிறார் கன்சல்டிங்காரர். மனைவியின் நகை போட்ட காசு.
– வாசகர், தென்காசி

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேறு வேலை ஓடவில்லை. முதலில், இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டாக்ஸி ஓட்டியவர் என்பதால் வண்டியின் ஓட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்த இன்ஜின் இரண்டரை லட்சத்திலும் சத்தமில்லாமல்தான் ஓடும். ஏமாற்றுபவனுக்கு வசதியே அதுதான். வேறு வண்டியாக இருந்தால் புகையும் உதறலும் காட்டிக்கொடுத்திருக்கும்.

மீட்டரைத் திருப்புவதைப் பற்றி நான் ஏற்கெனவே பலமுறை கத்தியாகிவிட்டது. இன்னொரு முறையும் கத்துகிறேன். இதை ‘விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்கிற வியாபாரத் தந்திரம்’ என்று புரோக்கர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் இன்ஜினில் கேம் ஷாஃப்டைச் சுற்றுவது ரப்பர் பெல்ட். அதைக் குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் விட்டால் ஒருநாள் அறுந்து, பிஸ்டன் வால்வில் மோதும். மீட்டரைத் திருப்பியவன் உங்களிடமிருந்து அந்தக் கணக்கையும் சேர்த்துத் திருடியிருக்கிறான். 88,000 என்று பார்த்ததும் பெல்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றுதானே நினைத்தீர்கள்? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பிரேக் ஹோஸ், கூலன்ட், கியர் ஆயில் எல்லாவற்றுக்கும் இதே கதி. நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது பெல்ட்டுக்குப் பதில் பிரேக் போயிருந்தால்? இதைத் தந்திரம் என்று சொல்பவர்களை அந்த வண்டியில் உட்காரவைத்து ஏற்காடு இறக்கத்தில் விட வேண்டும்.

நானும் ஒரு காலத்தில், வேறு கம்பெனிக் காரில், ‘டாக்டர் ஓட்டிய சிங்கிள் ஓனர் வண்டி’ வாங்கியவன்தான். மீட்டரில் ஓட்டம் சொற்பம், கிளட்ச் பெடலில் புத்தம்புது ரப்பர். இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்குப் புது ரப்பர் எதற்கு என்று தோன்றவில்லை. டாக்டர் வண்டி என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சர்வீஸ் சென்டரில் அந்த 2019 பதிவை முத்திரையோடு எழுத்தில் வாங்குங்கள். மீட்டரின் படம், விற்பனை ரசீது, பணம் போன வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து, கன்சல்டிங்குக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ‘நீ வாடகைக்கு ஓட்ட வாங்கினாய், நீ நுகர்வோரே இல்லை’ என்று அவர்கள் வக்கீல் சொல்வார். பயப்படாதீர்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்ட வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. பழைய வண்டி விற்பவர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்துவிட்டது. உங்கள் கன்சல்டிங்காரரிடம் அது இருக்கிறதா என்று நோட்டீஸிலேயே கேளுங்கள். கூடவே காவல் நிலையத்திலும் ஏமாற்றுப் புகார் கொடுங்கள். வழக்கு முடியும்வரை அறுந்த பெல்ட்டையும் வளைந்த வால்வையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

டெல்லி நம்பர் இன்னோவா, டீசல், பத்து வருடம் ஆனது. இங்கத்திய விலையில் பாதி. நேரில் பார்க்கவில்லை, வீடியோ கால் போட்டுக் காட்டினார்கள். இரண்டு லட்சம் ஜிபே செய்துவிட்டேன். இனி என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

பணம் அனுப்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்க வேண்டும். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு வந்த தடையால்தான் அங்கே விலை விழுந்தது. யாரும் உங்கள் மேல் இரக்கப்பட்டுக் குறைக்கவில்லை. அந்த வண்டிக்கு டெல்லி ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) இருக்கிறதா? வங்கிக் கடன் தீர்ந்ததா? கட்டாத அபராதம் எவ்வளவு? தமிழ்நாட்டு வரி கட்டி இங்கே நம்பர் மாற்றினால் மொத்தம் எவ்வளவு வரும் என்று கூட்டிப் பார்த்தீர்களா? ஒன்றையும் பார்க்கவில்லை. நம்பரை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டாலே பாதி விவரம் வந்திருக்கும். மீதிப் பணத்தை என்.ஓ.சி. கையில் வரும்வரை அனுப்பாதீர்கள். அட்வான்ஸ் வாங்கியதாக எழுதித் தரவாவது கேளுங்கள், தருகிறார்களா பார்ப்போம்.

டொயோட்டா என்று நம்பி கிளான்ஸா எடுத்தேன். பானெட்டுக்கு அடியில் முழுக்க சுசூகி! இது ஏமாற்று இல்லையா?
– வாசகி, மதுரை

இல்லை. இரண்டு கம்பெனிகளும் ஊரறிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, 2019-இலிருந்து சுசூகியின் பலேனோவுக்கு வேறு பேட்ஜ் போட்டு விற்கிறார்கள். டொயோட்டா ருமியான் என்பதும் சுசூகி எர்டிகாதான், டைசர் என்பது ஃபிராங்ஸ். வந்த புதிதில் டொயோட்டா வாரண்டி 3 வருடம், சுசூகி 2 வருடம் என்பதால் கிளான்ஸா வாங்குவதில் ஓர் அர்த்தம் இருந்தது. நல்ல கார்தான், மைலேஜைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த அக்வா ஹைபிரிட் ஒன்று விலைக்கு வருகிறது. ஏலத் தாளில் கிரேட் 4 என்று போட்டிருக்கிறது. தாளை நம்பலாமோ?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஏலத்தில் வண்டியைச் சோதித்து மதிப்பெண் போடும் தாளை நம்பலாம், உங்களிடம் காட்டும் போட்டோ பிரதியை நம்பக் கூடாது. எழுத்தை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. சேசிஸ் இலக்கத்தைக் கொண்டு ஜப்பான் ஏலப் பதிவை நீங்களே காசு கட்டி எடுங்கள். கிரேட் இருக்கும் இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்ற எழுத்து இருந்தால், விபத்தில் அடிபட்டுத் திருத்திய வாகனம். தாளில் உள்ள கிலோமீட்டரைவிட இப்போதைய மீட்டர் குறைவாகக் காட்டினால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் பேட்டரி. பின் சீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருக்கிறது. தூசி அடைத்தால் சூட்டில் பேட்டரி சாகும். ஸ்கேன் போட்டு ஒவ்வொரு தொகுதியின் நிலையையும் அச்சில் கேளுங்கள். 2020-இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய கார்களுக்கு அங்கே நகை மாதிரி விலை ஏறியது. 2025-இல் கதவு திறந்துவிட்டது. அந்தப் பழைய விலையையே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவரிடம் அவசரப்பட வேண்டாம்.

டொயோட்டாவிலிருந்து ரீகால் கடிதம் வந்திருக்கிறது. இந்தக் கம்பெனியிலுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

இந்தக் கம்பெனியிலும்தான். 2009-10-இல் ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கிக்கொள்வதாகப் புகார் கிளம்பி, லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் போய் மன்னிப்புக் கேட்டார். விஷயத்தை மறைத்ததற்காக 2014-இல் 120 கோடி டாலர் அபராதமும் கட்டினார்கள். 2024 ஜனவரியில் டீசல் இன்ஜின் சோதனையில் முறைகேடு வெளிவந்து, இந்தியாவிலும் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் அனுப்புவதைச் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். லைனை நிறுத்தும் கயிறு மேலதிகாரிகள் அறையிலும் ஒன்று தொங்கியிருக்கலாம்.

நீங்கள் வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். செலவில்லை. ஜாப் கார்டை வாங்கி வையுங்கள். இந்தக் கடிதம் பெரும்பாலும் முதல் ஓனரின் விலாசத்துக்கே போகும். ஆகவே பழைய வண்டி வாங்கியவர்கள் எல்லோரும் சேசிஸ் நம்பரைச் சொல்லி ரீகால் பாக்கி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

புது இன்னோவாவுக்கு ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று தனியாகக் கேட்கிறார்கள். இன்சூரன்ஸும் அங்கேயே எடுக்க வேண்டுமாம்.
– வாசகி, தஞ்சாவூர்

இன்சூரன்ஸ் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். ஹேண்ட்லிங் சார்ஜை பில்லில் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார்கள்.