ஹானஸ் ஆர்ச்சின் போட்டோக்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் அபுதாபில ஏசி மெக்கானிக்கா இருக்கேன், உங்க சைட்டை ரொம்ப வருஷமா படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவை. 2009 ஏப்ரல்ல இங்க கடலோரமா இருக்கற கார்னிஷ் ரோட்டுல ரெட் புல் ஏர் ரேஸ் நடந்தப்ப ரூம்ல இருந்த ஒரு அண்ணன் கேமராவோட என்னையும் இழுத்துட்டுப் போனார். எனக்கு ஒண்ணும் தெரியாது, ஏதோ ஏர் ஷோன்னு நினைச்சுத்தான் போனேன். தண்ணிக்கு மேல நிக்கிற கோபுரத்துக்கு நடுவுல ஒவ்வொரு ப்ளேனா பூந்து வந்துச்சு, அதுல ஹானஸ் ஆர்ச்னு ஒருத்தர் வந்தப்ப மட்டும் கூட்டமே சத்தம் போட்டுச்சு. அன்னிலேருந்து அவர் ஃபேன் ஆயிட்டேன். 2015லயும் போனேன். 2016 மார்ச்ல டூட்டி இருந்துச்சு, சரி அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். அந்த செப்டம்பர்லயே ஹெலிகாப்டர் விபத்துல இறந்துட்டார்னு நியூஸ் வந்துச்சு, அன்னிக்கு சாப்பாடே இறங்கல அண்ணா.

இப்ப பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து என் பையன்கிட்ட காட்டினேன். "எல்லாத்துலயும் ப்ளேன்தான் இருக்கு, ஆளைக் காணோமே"ங்கறான். அவன் சொல்றதும் சரிதான், ஒண்ணுல கூட முகம் இல்ல. இதை வச்சு ஒருத்தரை எப்படி ஞாபகம் வச்சுக்கறது? கூட வேலை பாக்கறவங்க "பிடிச்சதைப் பண்ணிக்கிட்டே போயிட்டாருப்பா, கொடுத்து வச்சவரு"ங்கறாங்க, அது ஏனோ எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. முன்னபின்ன பழகாத ஒரு வெளிநாட்டுக்காரருக்காக இத்தனை வருஷம் கழிச்சும் வருத்தப்படறது சரியான்னும் தெரியல. நாலு போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க.

அன்புடன்,
அபுதாபி வாசகர்

*

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதல்ல வரேன், அதுக்குப் பதில் சின்னது. தாராளமா வருத்தப்படலாம். 2020 செப்டம்பர்ல எஸ்.பி.பி. போனப்ப அழுத வீடுங்க எல்லாம் அவரோட பழகின வீடா என்ன? ஒருத்தரோட வேலையை நேர்ல பார்த்து வாய் பிளந்து நின்னிருக்கோம்னா அதுவே ஒரு பழக்கம்தான், அந்தப் பக்கம் இருக்கறவருக்கு நம்மளைத் தெரியலைங்கறதால அது பொய்யாகிடாது. இதுக்கு யார்கிட்டயும் கணக்கு சொல்ல வேண்டியதில்லை.

மத்த வாசகர்களுக்காக அவரைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். ஹானஸ் ஆர்ச் ஆஸ்திரியாக்காரர், ஸ்டைரியா மலைப்பக்கம், 1967ல பிறந்தவர். சின்ன வயசுலேருந்தே மலையேற்றம், ஹேங் கிளைடிங், பேராகிளைடிங்னு வளர்ந்த ஆளு. 2000ல ஸ்விஸ்ல இருக்கற ஐகர் மலையோட வடக்கு முகத்துலேருந்து உவேலி கெகென்ஷாட்ஸ்ங்கற நண்பரோட சேர்ந்து பாராசூட்டோட குதிச்சார். மலையேறறவங்களையே எத்தனையோ பேரைக் காவு வாங்கின சுவர் அது. 2003ல அதே மாதிரி மேட்டர்ஹார்ன். 2007ல ஏர் ரேஸுக்குள்ள வரார், அடுத்த வருஷமே உலக சாம்பியன். அப்புறம் 2009ல ரெண்டாவது, 2010ல ரெண்டாவது, நடுவுல மூணு வருஷம் ரேஸே நடக்கல, திரும்ப ஆரம்பிச்ச 2014ல ரெண்டாவது, 2015ல மூணாவது. அதாவது சாம்பியன் ஆனதுக்கப்புறம் அவர் முழுசா ஓட்டின எந்த சீசன்லயும் மூணாவது இடத்துக்குக் கீழ இறங்கவே இல்ல. 2014லேருந்து எல்லாருக்கும் ஒரே இன்ஜின், ஒரே ப்ரொப்பல்லர்னு ரூல் கொண்டு வந்துட்டாங்க, அதுக்கப்புறமும் அவர் மேலயேதான் இருந்தார், எனக்கு கோப்பையை விட இதுதான் பெருசாத் தெரியுது.

இப்ப உங்க போட்டோவுக்கு வரேன்.

முதல் ரெண்டும் சுமார்தான். சாயங்கால வெயில் எதிர்ல இருக்கு, கடல்ல தூசி மூட்டம், ப்ளேன் ஒரு கறுப்புக் கோடா தெரியுது. நாலாவது ரொம்ப ஷார்ப்பா இருக்கு, ஆனா ஷட்டர் ஸ்பீடை ஏத்தி வச்சு எடுத்ததுல ப்ரொப்பல்லர் அப்படியே உறைஞ்சு நிக்குது, பார்த்தா ப்ளேன் கயித்துல தொங்கற மாதிரி இருக்கு. ப்ரொப்பல்லர் ப்ளேன் எடுக்கறவங்க வேணும்னே ஸ்பீடைக் குறைச்சு, 250ல ஒரு பங்கு செகண்ட் அந்த மாதிரி வச்சு, ப்ளேன் கூடவே கேமராவைத் திருப்பிக்கிட்டே எடுப்பாங்க, அப்பதான் ப்ரொப்பல்லர் வட்டமா கலங்கி ஓடற மாதிரி வரும். பத்துல எட்டு வீணாப் போகும், பரவாயில்ல.

ஆனா அந்த மூணாவது போட்டோ இருக்கே, அதைத்தான் உங்க பையன்கிட்ட திரும்பக் காட்டச் சொல்றேன். 2015ல எடுத்தது, வால்ல 22ன்னு இருக்கு பாருங்க, அது ஆர்ச்சோட நம்பர். ப்ளேன் பக்கவாட்டுல சாய்ஞ்சு, ரெக்கை கிட்டத்தட்ட செங்குத்தா நிக்குது, பின்னாடி ஒரு பைலான், அதான் நீங்க சொன்ன அந்தக் கோபுரம், பாதி தெரியுது. அதை நல்லா பெருசாக்கி காக்பிட் கண்ணாடிக்குள்ள பாருங்க. ஹெல்மெட் தெரியுதா? அது முன்னாடி பாக்கல. தலையை நல்லா ஒரு பக்கமா மேல தூக்கித் திருப்பியிருக்கார், ப்ளேன் மூக்கு ஒரு திசைல, அவர் பார்வை வேற திசைல. ஏன்னா அந்த பைலான் அவரைப் பொறுத்தவரை முடிஞ்சு போச்சு, அவர் அடுத்து பூந்து போக வேண்டிய கேட்டைத் தேடிக்கிட்டு இருக்கார். மணிக்கு 370 கிலோமீட்டர் வரைக்கும் போவாங்க, அப்படின்னா ஒரு செகண்டுக்கு நூறு மீட்டருக்கு மேல, முன்னாடி இருக்கறதைப் பார்த்து ஓட்டறதுக்கு அங்க நேரமே கிடையாது. அதுவும் அந்தத் திருப்பத்துல 10 ஜி வரைக்கும் உடம்பு மேல ஏறும், 70 கிலோ ஆளு 700 கிலோ ஆன மாதிரி, ஹெல்மெட்டோட சேர்த்து தலையே ஒரு மூட்டை கனம் கனக்கும், காலையும் வயித்தையும் இறுக்கிப் பிடிக்கலைன்னா ரத்தம் கீழ இறங்கி கண்ணு இருட்டிடும். அந்தக் கனத்துக்கு நடுவுலதான் அவர் கழுத்தைத் திருப்பி அடுத்த கேட்டைப் பாக்கறார். முகம் இல்லைன்னு உங்க பையன் சொல்றான், முகத்தை விடப் பெரிய விஷயம் அதுல மாட்டியிருக்கு தம்பி. கோப்பையைத் தூக்கிப் பிடிச்சு சிரிக்கிற போட்டோ யார் வேணா எடுக்கலாம், எல்லா சாம்பியனும் அதுல ஒரே மாதிரிதான் இருப்பாங்க. இது அவர் வேலை பார்த்துக்கிட்டு இருக்கறப்ப எடுத்தது.

இன்னொண்ணும் சொல்லணும். இந்த மாதிரி ஆளுங்களை உயிரைத் துச்சமா நினைக்கறவங்கன்னு ஈஸியா எழுதிடறாங்க, எனக்கு அதைப் படிச்சா கோவமே வரும். ரேஸுக்கு முன்னாடி ஹேங்கர்ல பைலட்டுங்களைப் பார்த்திருக்கீங்களா, கண்ணை மூடிக்கிட்டு கையையே ரெக்கையா வச்சு திருப்பித் திருப்பி மொத்த டிராக்கையும் மனசுக்குள்ள ஓட்டிப் பார்ப்பாங்க, பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு கூடத் தெரியாது. ரேஸும் அவ்வளவு கவனமா அமைச்சதுதான். அந்த பைலான் 25 மீட்டர் உயரம், உள்ள வெறும் காத்துதான், ப்ளோயர் வச்சு நிமிர்த்தி நிறுத்தியிருப்பாங்க. துணி அவ்வளவு லேசு, ரெக்கை பட்டா கிழிஞ்சு போகும், ப்ளேனுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, சில நிமிஷத்துல ஆளுங்க போட்ல வந்து வேற துணி மாட்டி நிறுத்திடுவாங்க. ஜி வரம்பைத் தாண்டினா அதுக்கும் தண்டனை உண்டு. 2010ல பெர்த்ல பயிற்சியப்ப பிரேசில்காரர் அடில்சன் கிண்டில்மன் ஸ்வான் ஆத்துல விழுந்தார், பிழைச்சு வந்துட்டார். 2003ல ஆஸ்திரியால ஸெல்ட்வெக்ல ஆரம்பிச்சு 2019ல ஜப்பான்ல சிபால முடியற வரைக்கும் அந்த ரேஸ்ல ஒரு பைலட் கூட சாகல. இதை உங்க பையனுக்கு அவசியம் சொல்லுங்க.

அப்படிப்பட்ட ஆளு எப்படிப் போனார்னு பாருங்க. 2016 செப்டம்பர் 8, ஆஸ்திரியால கிளாக்னர் மலைப்பக்கம் ஒரு மலைக்குடிசைக்கு, மலையேறறவங்க தங்கறதுக்கு உசரத்துல கட்டி வச்சிருக்காங்களே அந்த மாதிரி ஒண்ணுக்கு, ஹெலிகாப்டர்ல சாமான் கொண்டுபோய்க் கொடுத்துட்டு, ராத்திரில திரும்பினப்ப மலைல மோதிடுச்சு. கூட இருந்தவர் பலத்த காயத்தோட உயிர் பிழைச்சார். ஆர்ச்சுக்கு 48 வயசு, இன்னும் ரெண்டு வாரத்துல 49 ஆகியிருக்கும், அடுத்த ரேஸ் இண்டியானபோலிஸ்ல அக்டோபர் ஆரம்பத்துல. அந்த சீசன்லயும் முன்வரிசைலதான் இருந்தார்.

அதான் "பிடிச்சதைப் பண்ணிக்கிட்டே போயிட்டார்"ங்கற பேச்சு உங்களுக்கு ஒட்டலை. எனக்கும் ஒட்டாது. சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க, துக்க வீட்ல ஏதாவது சொல்லணுமேன்னு வர்ற வார்த்தை அது. ஆனா மலைக்கு மேல சாமான் இறக்கிட்டுத் திரும்பற ஒருத்தர் அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போகத்தான் கிளம்பியிருப்பார். சாவுல ஒரு அழகு சேர்த்துச் சொன்னா நமக்குத்தான் மனசு லேசாகும், அவருக்கோ அவரைச் சேர்ந்தவங்களுக்கோ அதுல ஒண்ணும் இல்ல. ஐகர்ல அவரோட குதிச்ச கெகென்ஷாட்ஸும் 2009 நவம்பர்ல ஜூரிக்ல ஒரு கட்டடத்து மேலேருந்து குதிச்சதுல அடிபட்டு இறந்து போனார். நண்பனை அப்படிப் பறிகொடுத்த ஒருத்தர் அதுக்கப்புறமும் ஏழு வருஷம் பறந்திருக்கார்னா ஆபத்து என்னன்னு தெரியாமலா பறந்திருப்பார்? கவனமா வேலை செஞ்ச ஒருத்தர் போயிட்டார், அது பெரிய நஷ்டம், அவ்வளவுதான். அதை நஷ்டம்னே சொல்லிட்டுப் போகலாம்.

எப்படி ஞாபகம் வச்சுக்கறதுன்னு கேட்டீங்க. போட்டோ மட்டும் போதாது தம்பி, இது நிச்சயமாச் சொல்றேன். இன்னும் இருபது வருஷம் கழிச்சு உங்க பையன் அந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தா, யாரு எவருன்னு எழுதி வைக்கலைன்னா, அது ஏதோ ஒரு ப்ளேன் படமாத்தான் இருக்கும். ஆர்ச்சோட நல்ல போட்டோக்கள் நெட்ல ஆயிரக்கணக்குல கிடக்கு, பெரிய லென்ஸ் வச்சு எடுத்தது, ஹெலிகாப்டர்லேருந்து எடுத்தது, அதோட எல்லாம் உங்களோடது போட்டி போட வேண்டாம். ஆனா உங்க போட்டோல இருக்கற ஒண்ணு அதுல எதுலயும் இல்ல. கார்னிஷ்ல நம்ம ஆளுங்க எங்க நின்னாங்க, அவர் வந்தப்ப கூட்டம் என்ன சத்தம் போட்டுச்சு, அன்னிக்கு யாரெல்லாம் லீவு போட்டு வந்தாங்க, எந்த பஸ்ல வந்தீங்க, பக்கத்துல நின்ன பாகிஸ்தான்காரரோ கேரளாக்காரரோ என்ன சொன்னார், காத்து எப்படி அடிச்சுது. அதெல்லாம் உங்க தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அன்னிக்கு அந்தக் கரையில வேலைக்கு வந்த ஊர்க்காரங்க எத்தனை பேர் நின்னு கை தட்டியிருப்பாங்க! ஒரு ஆஸ்திரியா பைலட்டை அவங்க எப்படிப் பார்த்தாங்கங்கறதை அவங்கள்ல ஒருத்தர் எழுதினாத்தான் உண்டு.

அதனால நாலு போட்டோவுக்கும் நாலு பத்தி எழுதி அனுப்புங்க, இங்கயே போடறேன். இலக்கணம் பாக்காதீங்க, மெயில்ல எழுதின மாதிரியே எழுதுங்க, அது நல்லாவே இருந்துச்சு. ஞாபகம் மங்கலா இருக்கற இடத்தை மங்கலாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு விட்டுடுங்க, நீங்களா நிரப்பாதீங்க. கேமரா கொண்டு வந்த அந்த அண்ணன் நம்பர் இருந்தா ஒரு போன் போட்டுக் கேளுங்க, அவர்கிட்ட வேற போட்டோ இருக்கலாம், உங்களுக்கு மறந்தது அவருக்கு ஞாபகம் இருக்கலாம். ரெண்டு பேர் சொல்றதும் ஒத்துப் போகலைன்னா ரெண்டையும் எழுதுங்க. இதைப் படிக்கிற மத்தவங்களும், அபுதாபியோ வேற ஊரோ, அந்த ரேஸை நேர்ல பார்த்திருந்தா எழுதலாம், சேர்த்துப் போடறேன்.

போட்டோவை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பாதீங்க, சைஸைக் குறைச்சு எடுத்த தேதியையும் அழிச்சுடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்லைன்னா டிரைவ்ல ஏத்தி லிங்க் கொடுங்க. அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு காப்பி உடனே எடுத்து வைங்க, பழைய டிஸ்க்கை நம்ப முடியாது. மூணாவது போட்டோவை மட்டும் வெட்டாம, அந்தப் பாதி பைலானும் தெரியற மாதிரி, மேட் பேப்பர்ல பிரிண்ட் போட்டு பையன்கிட்ட கொடுங்க. பின்னாடி பேரு, வருஷம், கார்னிஷ், 22, நீங்க நின்ன இடம், எல்லாம் உங்க கையெழுத்துலயே.

அன்புடன்.