உங்கள் கனவு சூப்பர்காரை நேரில் பார்த்திருக்கிறீர்களா? அப்போது எப்படி இருந்தது?

பார்த்திருக்கிறேன். மெக்லாரன் எஃப் 1. பெயரைக் கேட்டதும் பந்தயத் தடத்தில் ஓடும் ஃபார்முலா கார் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபார்முலா 1 பந்தய அணி நடத்தும் மெக்லாரன் நிறுவனம் சாலையில் ஓட்டுவதற்காக 1992 முதல் 1998 வரை செய்த மூன்று சீட் கார் இது. மாதிரி வண்டிகள், பந்தய வண்டிகள் எல்லாம் சேர்த்து மொத்தமே 106தான். 2021ல் அமெரிக்காவின் பெபிள் பீச் ஏலத்தில் ஒன்று 2 கோடி டாலருக்கு மேல் போனது. இப்படிப்பட்ட காரை யாரும் கடைத்தெருவுக்கு எடுத்து வருவதில்லை. கண்காட்சியில் பார்த்தால்தான் உண்டு.

பள்ளி நாட்களிலிருந்தே இதன் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் கயிற்றுத் தடுப்பின் முன்னால் போய் நின்றபோது வடிவம் எனக்குப் புதிதாக இல்லை. அளவுதான் திகைக்க வைத்தது. எவ்வளவு சின்ன கார்! நீளம் 4.3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, இன்றைய போர்ஷே 911ஐ விடக் குட்டை. உயரம் 1.14 மீட்டர், பக்கத்தில் நின்றால் கூரை நம் இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம்தான் வருகிறது. படங்களில் பக்கத்தில் வேறு வண்டியோ ஆளோ இல்லாததால் இது ஒருபோதும் பிடிபட்டதில்லை. அதே கூடத்தில் நின்ற புதிய சூப்பர்கார்கள் எல்லாம் இதன் முன்னால் ஊதிப்போனவை போலத் தெரிந்தன. எடை 1,138 கிலோ. புகாட்டி சிரோன் என்ற சூப்பர்கார் 2 டன்னை நெருங்குகிறது என்பதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இந்தச் சின்ன உருவத்துக்குக் காரணம் வடிவமைத்த கார்டன் மரே. 1988ல் மெக்லாரனின் ஃபார்முலா 1 அணி 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. தோற்ற ஒரே பந்தயம் இத்தாலியில் மோன்சாவில். அது முடிந்து மிலான் லினாட்டே விமான நிலையத்தில் விமானத்துக்குக் காத்திருந்தபோதுதான், ஒரு சாலைக் கார் செய்வோம் என்ற பேச்சு மரேக்கும் ரான் டென்னிஸ் முதலான அணித் தலைவர்களுக்கும் இடையே எழுந்தது. கிராம் கணக்கில் எடை குறைப்பது மரேயின் பிடிவாதம். கூடவே கொடுக்கும் கருவிப் பெட்டியில் ஸ்பானர்கள்கூட டைட்டானியத்தில் செய்யப்பட்டவை. உடற்கூடு முழுக்க கார்பன் ஃபைபர். விற்பனைக்கு வந்த சாலைக் கார்களில் இப்படிச் செய்யப்பட்டது இதுதான் முதல். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை, சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை. ஓட்டுபவரின் கையும் காலும்தான் எல்லாம்.

காரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவர் கதவை மேலே தூக்கித் திறந்தார். நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். ஓட்டுநர் சீட் நட்ட நடுவில். இரண்டு பக்கமும் கொஞ்சம் பின்தள்ளி ஒவ்வொரு சீட். பார்ப்பவர்களை அசத்த இப்படிச் செய்திருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நேரில் பெடல்களைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். இன்ஜின் நடுவில் உள்ள கார்களில் ஓட்டுபவர் முன்பக்கமாக நகர்ந்து உட்கார வேண்டியிருப்பதால், முன் சக்கரம் அவர் காலுக்குரிய இடத்தைத் தின்றுவிடும். பெடல்கள் ஒருபக்கமாக ஒதுங்க, இடுப்பைத் திருகிக்கொண்டே ஓட்ட வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே கால் நேராக நீளும். இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும். தனியாக ஓட்டினாலும் வண்டியின் எடை ஒருபக்கம் சாயாது. கியர் வலது கைக்கு, ஹேண்ட்பிரேக் இடது கைக்கு. வாங்குபவரின் உடல் அளவுக்கு ஏற்ப சீட்டையும் பெடலையும் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள் என்பதை முன்பே படித்திருக்கிறேன். ஆனால் தேய்ந்த பெடல்களையும் அந்த மெல்லிய சீட்டையும் கண்ணெதிரே பார்த்தபோது, யாரோ ஒருவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டையைப் பார்ப்பது போல இருந்தது.

அப்புறம் பின்பக்கம். இன்ஜின் மூடியைத் திறந்ததும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் போனை நீட்டினார்கள். உள்ளே தங்கத் தகடு! நிஜத் தங்கம்தான். இன்ஜினிலிருந்து வரும் வெப்பக் கதிர்களைத் தங்கம் அருமையாகத் திருப்பி அனுப்பும். சுற்றியிருக்கும் கார்பன் ஃபைபர் சூடாகாமல் இருக்க அதை ஒட்டியிருக்கிறார்கள். அதன் நடுவே இருப்பது பி.எம்.டபிள்யூ செய்த 6.1 லிட்டர் வி12, அதாவது 12 சிலிண்டர் இன்ஜின். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. மரே முதலில் ஹோண்டாவிடம் கேட்டு, அது நடக்காமல், பி.எம்.டபிள்யூவில் இன்ஜின் வடிவமைத்த பழைய நண்பர் பால் ரோஷவிடம் போனார். இருவரும் பிரபாம் என்ற ஃபார்முலா 1 அணிக் காலத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். மரே கேட்டது 550 குதிரைத்திறன், ரோஷ கொடுத்தது 600க்கும் மேல். 1998ல் இதே மாடல் கார் மணிக்கு 386 கிலோமீட்டரைத் தொட்டது. இந்த வேகத்தைத் தாண்ட மற்ற சாலைக் கார்களுக்கு 2005 வரை ஆனது. டர்போ இல்லாத கார்களில் இன்றும் இதுதான் உச்சம் என்று சொல்கிறார்கள்.

1995ல் பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் இது வென்றது. பந்தயத்துக்கென்று வடிவமைத்த காரே அல்ல. வாங்கியவர்கள் நச்சரித்துப் பந்தய வடிவம் செய்ய வைத்தார்கள். விதிப்படி இன்ஜினுக்குப் போகும் காற்றை மட்டுப்படுத்தியதால் பந்தய வண்டிக்குச் சாலை வண்டியைவிடக் குதிரைத்திறன் குறைவு. அப்படியும் ஜெயித்தது.

சரி, எப்படி இருந்தது என்றுதானே கேட்டீர்கள்? பார்த்தவரை மகிழ்ச்சி, வியப்பு எல்லாம் இருந்தது. ஆனால் என்னை ஆட்டிப் போட்டது சத்தம்தான். காட்சி முடிந்து காரை வெளியே எடுக்க இன்ஜினைக் கிளப்பினார்கள். பெரிய உறுமலை எதிர்பார்த்திருந்தேன். வந்தது வறண்ட, கூர்மையான ஒலி. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் சக்கரம் மிக லேசானது என்பதால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் இன்ஜின் சுழற்சி எகிறுகிறது, காலை எடுத்ததும் அதே வேகத்தில் விழுகிறது. கூரையில் இருக்கும் காற்றுத் துளை வழியாக இன்ஜின் மூச்சிழுப்பது தனியாகக் கேட்டது. கண் கலங்கிவிட்டது. எத்தனையோ காணொளிகளில் இதே சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், ஆனால் நெஞ்சுக்கூட்டில் அந்த அதிர்வு இறங்குவதை எந்த ஸ்பீக்கரும் தராது.

நீங்கள் ஆசைப்படும் கார் ஏதாவது கண்காட்சிக்கு வருகிறது என்றால், திறந்த உடனேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் கூட்டத்தில் காரின் அரைப்பக்கம்கூடத் தெரியாது. படம் எடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, குனிந்து உட்கார்ந்து சீட்டின் உயரத்திலிருந்து பாருங்கள். காரோடு வந்திருக்கும் மெக்கானிக்கிடம் ஏதாவது ஒரு பாகத்தைக் காட்டி இது எதற்கு என்று கேளுங்கள். உண்மையான ஆர்வம் தெரிந்தால் பெரும்பாலும் ஆசையோடு விளக்குவார்கள். அப்படியே, இன்ஜினை எப்போது கிளப்புவார்கள் என்பதையும் அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.