1994-க்குப் பிறகு ருவாண்டாவில் பெண்களின் உரிமைகள் எப்படி மாறின?

நாடாளுமன்றத்தில் பெண்களே பெரும்பான்மை என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய மாற்றம் நில உரிமையில் நடந்தது.

1994-இல் துட்சி இன மக்களைக் குறிவைத்து நடந்த இனப்படுகொலையில் ஆண்கள் ஏராளமாகச் செத்தார்கள்; பலர் சிறையில், பலர் அகதிகளாக அண்டை நாடுகளில். உழவும் குடும்பமும் பெண்கள் தலையில் விழுந்தன. ஆனால் வழக்கப்படி நிலம் ஆண்வழிச் சொத்து. கணவன் போனால் அவன் அண்ணன் தம்பிகள் உரிமை கொண்டாடுவார்கள். விதவை எங்கே போவாள்? 1999-இல் வந்த வாரிசுச் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு தந்தது. பின்னர் நடந்த நிலப் பதிவில் மனைவி பெயரும் பட்டாவில் ஏறியது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தவளுக்குத்தான் கணவன் சொத்தில் பாதுகாப்பு. ஊர் வழக்கப்படி சேர்ந்து வாழ்ந்தவர்கள் பலர் வெளியே நின்றார்கள்.

2003 அரசியலமைப்பு, முடிவெடுக்கும் அமைப்புகளில் 30 சதவீதமாவது பெண்கள் இருக்க வேண்டும் என்றது. கீழவையின் 80 இடங்களில் 24 பெண்களுக்கே. 2008-இல் பாதியைத் தாண்டினார்கள். 2013-இல் 51 பேர். எதிர்க்கட்சிக்கு அங்கே மூச்சுவிட இடமில்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். வீட்டிலோ, கணவனே குடும்பத் தலைவன் என்ற பழைய விதி 2016 வரை சட்டத்திலேயே இருந்தது.